நாதஸ்வரம் இரண்டரைக் கட்டை, கீபோர்டு ஒரு கட்டை

கேள்வி: ஐயா, மயிலாடுதுறை பக்கம் ஒரு சிற்றூர் எனக்கு. வயது 27. எட்டு வருடமாக மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். நண்பர் ஒருவர் சொந்தக் காசிலும் ஒரு சின்னத் தயாரிப்பாளரின் காசிலும் படம் எடுத்திருக்கிறார். செங்கல் சூளையில் வேலை பார்க்கும் அம்மா, மகள் கதை. 82 நிமிடம். எடிட்டிங் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இசை நான்தான். மொத்த இசைச் செலவுக்கும் 1,20,000 ரூபாய். எடிட்டில் ஏதோ வெளிநாட்டுப் படத்தின் இசையை டெம்ப் டிராக்காக, அதாவது தற்காலிக மாதிரி இசையாக, 61 நிமிடத்துக்குப் போட்டுவைத்து, "இதே மாதிரி வேணும்" என்கிறார். அதில் அறுபது, எழுபது வயலின் கேட்கிறது. முதல் திரையிடல் எங்கள் ஊரில். அன்று இதே இசையை நாற்பது நிமிடம் மேடையில் நேரடியாக வாசிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஆள் சேர்த்துவிட்டேன்: கர்னாடக வயலின் ஒருவர், நோட்ஸ் பார்த்து வாசிக்கும் வயலின் ஒருவர், செல்லோ, புல்லாங்குழல், நாதஸ்வரம், தவில், நான். முதல் ரிகர்சல் பாழ். நான் ஒரு கட்டை ஸ்ருதியில், அதாவது சி மைனரில், எழுதிக் கொண்டுபோனேன், நாதஸ்வர வித்வான் "நம்ம வாத்தியம் இரண்டரைக் கட்டை தம்பி" என்றார். தவில் தொடங்கியதும் செல்லோ வாசிக்கும் பெண் வில்லைக் கீழே வைத்துவிட்டார். இதற்கு நடுவில் "எல்லா உரிமையும் தயாரிப்பாளருக்கே" என்று ஒரு ஒப்பந்தத்தையும் நீட்டுகிறார்கள். எங்கிருந்து சரி செய்வது?

பதில்: தம்பி, நீங்கள் பாழ் என்று எழுதியிருக்கும் அந்த ரிகர்சலிலேயே உங்கள் இசை பாதி கிடைத்துவிட்டது. கட்டைச் சண்டைக்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன். அதற்கு முன்னால் வேலையின் வரிசையை மாற்றச் சொல்கிறேன்.

படத்துக்கு ஆர்.ஆர். (பின்னணி இசை) முடித்துவிட்டு அதை மேடைக்கு இறக்கலாம் என்பது உங்கள் திட்டம். தலைகீழாகச் செய்யுங்கள். மேடைக்கான நாற்பது நிமிடத்தை முதலில் எழுதுங்கள். ஏழு பேரும் வாசித்துப் பழகட்டும். கை பழகியதும் ஒன்றரை நாள் உட்கார்ந்து பதிவு செய்து எடிட்டரிடம் கொடுங்கள். படம் அதிலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். எடிட்டிங் முடியாமல் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். பெரிய படங்களில் ரிலீஸ் தேதி கழுத்தைப் பிடிக்கும்போதுதான் ரீல் எங்கள் கைக்கு வரும். ரெண்டு ஃப்ரேம் தள்ளிவைக்கச் சொன்னால் எடிட்டர் முறைப்பார்.

இது புது வழி ஒன்றும் இல்லை. இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' 1986இல் தனி இசைத்தொகுப்பாக வந்தது. பாலு மகேந்திரா அதிலிருந்து எடுத்துத்தான் 1988இல் 'வீடு' படத்துக்குப் பின்னணி இசையாக வைத்தார். படத்துக்கென்று எழுதாத இசை, படத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. உங்கள் நண்பரை அந்தப் படத்தை இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். பார்க்கும்போது இசையே இல்லாத இடங்களைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

கம்ப்யூட்டரில் பெரிதாக எழுதிவிட்டுப் பிறகு ஆட்களுக்கு இறக்கினால் என்ன ஆகும் என்பதை நான் காசு கொடுத்துக் கற்றிருக்கிறேன். என் முதல் சிறு படம். சாம்பிள் ஸ்ட்ரிங்ஸில், அதாவது கம்ப்யூட்டரில் பதிந்துவைத்த வயலின் ஒலிகளில், எழுதினேன். ஒரு விரலை அழுத்தினால் பதினாறு வயலின், நாலு விரலை அழுத்தினால் அறுபத்து நாலு. கேட்கக் கேட்க எனக்கே புல்லரித்தது. தயாரிப்பாளரிடம் இருந்ததோ நாலு வயலினுக்கான பணம். அதே நோட்ஸை நாலு பேர் முன்னால் வைத்தேன், ஆளுக்கு ஒரு ஸ்வரம். கொசு கத்துகிற மாதிரி வந்தது. பல வயலின் ஒரே ஸ்வரத்தைப் பிடிக்கும்போது ஒவ்வொன்றும் மயிரிழை முன்னே பின்னே நிற்கும். அந்த மயிரிழைகள் சேர்ந்துதான் நாம் கேட்கிற பட்டு மெத்தை. ஆளுக்கு ஒரு ஸ்வரம் என்று பிரித்தால் மெத்தை போய்விடும், கம்பி மட்டும் மிஞ்சும். மூன்று மணி நேரக் கால்ஷீட்டில் இரண்டரை மணி கரைந்த பிறகு, மூத்த வயலின்காரர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்தபடி, "இது எங்களுக்கு எழுதினது இல்லப்பா, உன் மெஷினுக்கு எழுதினது" என்றார். கடைசி அரை மணியில் மூன்று பேரை ஒரே குரலில் போட்டு, ஒருவரைத் தனியாகக் கீழே விட்டேன். அந்த நாலு நிமிடம்தான் படத்தில் இன்றும் கேட்கும்படி இருக்கிறது.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு விஷயம். உங்களிடம் இரண்டு வயலின். இருவரையும் நீண்ட நேரம் ஒரே ஸ்வரத்தில் நிறுத்தாதீர்கள். ஒருவர் வாசித்தால் அது குரல். மூன்று பேர் வாசித்தால் கூட்டம். இரண்டு பேர் என்றால் உரசல்தான் காதில் விழும். அதிலும் ஒருவர் ஸ்வரத்தை அசைத்து வாசிக்கிற கமகத்தில் ஊறியவர், இன்னொருவர் ஸ்வரத்தை நேராகப் பிடித்துப் பழகியவர். ஒருவர் பாடட்டும், மற்றவர் கீழே நீளமாக இழுக்கட்டும். பிறகு மாற்றிக்கொள்ளட்டும்.

டெம்ப் டிராக் போட்டதற்காக இயக்குநரைத் திட்டுவது எங்கள் தொழிலில் ஒரு பொழுதுபோக்கு. நான் திட்டமாட்டேன். அவருக்கு நம் பாஷை தெரியாது, கையில் கிடைத்ததை வைத்துப் பேசுகிறார். அவரோடு ஒரு முழு நாள் உட்காருங்கள். முதல் தடவை டெம்ப் டிராக்கை ம்யூட் செய்துவிட்டுப் படத்தை ஓட்டுங்கள். இரண்டாம் தடவை அதோடு ஓட்டி, ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, இங்கே இதில் என்ன பிடித்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் அவருக்குப் பிடித்தது எழுபது வயலினாக இருக்காது. அந்த அம்மா தலையில் கல்லோடு பலகையில் ஏறும்போது அடியில் மாறாமல் நடக்கிற ஒரு பாஸ் பிடித்திருக்கும். அல்லது மகள் திரும்பிப் பார்த்த பிறகு ஒரு மூச்சு விட்டு இசை உள்ளே வந்தது பிடித்திருக்கும். காலப்பிரமாணம், எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது, எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்று நாலையும் நோட்டில் குறியுங்கள். மெட்டையும் கார்டையும் (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டையும்) தொடாதீர்கள். அது திருட்டு, மாட்டவும் மாட்டுவீர்கள்.

82 நிமிடப் படத்துக்கு 61 நிமிட இசை அதிகம். இருபத்தைந்தில் முடியும் என்று நினைக்கிறேன். படப்பிடிப்பிலேயே லைவ் சவுண்ட் எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கல் அறுக்கிற இடத்தில் மண்ணை உருட்டி அச்சில் அறைகிற சத்தம், அச்சைக் கவிழ்த்துத் தட்டுகிற சத்தம், அடுத்ததுக்கு நகர்கிற காலடி. இதுவே ஒரு தாளம். அதன் மேல் தவிலை ஏற்றினால் இரண்டும் கெடும்.

இப்போது கட்டைக்கு வருவோம்.

இன்று கச்சேரியில் வாசிக்கிற பாரி நாதஸ்வரம் இரண்டிலிருந்து இரண்டரைக் கட்டையில் நிற்கும். பழைய திமிரி குட்டையானது, ஸ்ருதி மேலே. டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி நீளமான வாத்தியத்தைக் கடைந்து கொடுத்த பிறகுதான் பாரி நிலைத்தது. அந்த ஊர் உங்களுக்குப் பக்கம்தான், பட்டறையை ஒரு தடவை போய்ப் பாருங்கள். நான் சொல்ல வந்தது: அது ஆச்சா மரத்தில் துளை போட்ட வாத்தியம். கீபோர்டு மாதிரி ஒரு பொத்தானை அழுத்தி ஸ்ருதி மாற்ற முடியாது. இறங்க வேண்டியது நீங்கள்.

உடனே எல்லாவற்றையும் இரண்டரைக் கட்டைக்கு, அதாவது ஈ ஃப்ளாட்டுக்கு மாற்றிவிடலாம் என்று தோன்றும். கர்னாடக வயலின்காரருக்குப் பிரச்சினையே இல்லை, தந்தியை முறுக்குகிற பிரடையை நாலு திருகு திருகி ச-ப-ச-ப என்று அங்கேயே வைத்துக்கொள்வார். புல்லாங்குழல்காரர் பையில் அந்தக் கட்டைக்கு ஒரு குழல் இருக்கும். செல்லோதான் பாவம். அதன் திறந்த தந்திகள் சி, ஜி, டி, ஏ. ஈ ஃப்ளாட்டை ஆதார ஸ்ருதியாகப் பிடித்தால் அடியில் முழங்குகிற அந்தப் பெரிய சி தந்தி சும்மா கிடக்கும்.

அதனால் உங்கள் சி மைனரைக் கிழித்துப்போடாதீர்கள். வித்வானை இரண்டரைக் கட்டையில் மோகனம் வாசிக்கச் சொல்லுங்கள். அவர் விரலில் வருவது ஈ ஃப்ளாட், எஃப், ஜி, பி ஃப்ளாட், சி. அதே ஐந்து ஸ்வரத்தை சி-யை ஷட்ஜமாக, அதாவது ச-வாக, வைத்துப் பார்த்தால் என்ன? சுத்த தன்யாசி. மோகனத்தின் தைவதத்தில் கிரகபேதம் செய்தால், அதாவது அந்த த-வையே ச-வாக வைத்துக்கொண்டால், சுத்த தன்யாசி என்று பாடம் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். இங்கே அது பாடம் இல்லை, பிழைக்கிற வழி. செல்லோ திறந்த சி தந்தியை இழுக்கட்டும், அதற்கு மேல் ஜி. வித்வான் தன் போக்கில் மோகனம் வாசிப்பார். அவருக்கு ஒன்றும் மாறவில்லை. கேட்கிறவர் காதில் சூளைப் புகை படிந்த மாதிரி ஒரு சோகம் விழும்.

இன்னும் இருக்கிறது. அம்மாவும் மகளும் கடைசியில் பஸ் ஏறுகிற மாதிரி ஏதாவது ஒரு இடம் உங்கள் படத்திலும் இருக்குமே, அங்கே மேலே மெட்டை அப்படியே விட்டுவிட்டு, செல்லோவை மட்டும் சி-யிலிருந்து ஈ ஃப்ளாட்டுக்கு ஏற்றுங்கள். மூன்று அரைஸ்வரம்தான். ஒரு ஸ்வரமும் கூடாமல் குறையாமல் அதே மெட்டு மோகனமாகச் சிரிக்கும். இதை ஒரு முறை நேரில் கேட்டுவிட்டால் உங்கள் இயக்குநர் எழுபது வயலினைப் பற்றி அப்புறம் பேசமாட்டார்.

ஒரு எச்சரிக்கை. இந்த விளையாட்டை வித்வானிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அடியில் வேறு ஆதாரம் திடீரென்று கேட்டால் யாருக்கும் தடுமாறும், கோபமும் வரும். அவர் காதருகே ஸ்ருதிப் பெட்டி இரண்டரையிலேயே சின்னதாக ஒலிக்கட்டும். அந்த ஷட்ஜம் உங்களுக்குச் சாதாரண காந்தாரம், அந்தப் பஞ்சமம் உங்களுக்கு நிஷாதம். இரண்டும் உங்கள் ராகத்தில் இருப்பவைதான், சண்டை வராது. அப்புறம், இரண்டரை என்று அவர் சொல்வது கைகணக்கு. ஊதுகிற நாக்கான சீவாளி நனைந்திருப்பது, ஊதுகிற அழுத்தம், மேடைச் சூடு எல்லாம் சேர்ந்து கொஞ்சம் முன்னே பின்னே நிற்கும். உங்கள் கீபோர்டில் மொத்த ஸ்ருதியையும் கொஞ்சம் ஏற்றி இறக்குகிற மாஸ்டர் ட்யூனிங் இருக்கிறது, ஏ என்றால் 440 ஹெர்ட்ஸ் என்பது வேதவாக்கு இல்லை. அவர் சூடாகி வாசித்த பிறகு அளந்து, கீபோர்டை அங்கே வைத்து, மற்றவர்களை அதற்குச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

செல்லோப் பெண் வில்லைக் கீழே வைத்ததில் தப்பே இல்லை. நாதஸ்வரமும் தவிலும் கோயில் வீதிக்குச் செய்தவை, நாலு தெரு கேட்க வேண்டும். செல்லோ ஒரு அறைக்குச் செய்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் பேசவிட்டால் ஒன்று செத்துவிடும், மைக் வைத்துக் காப்பாற்ற முடியாது. மாறி மாறிப் பேசவிடுங்கள். செல்லோவும் வயலினும் ஒரு வாக்கியத்தை முடிக்கட்டும், அந்த முடிவின் மேல் நாதஸ்வரம் எழட்டும். வித்வானை மேடைக்கு நடுவில் உட்காரவைக்காமல், அவர் மனம் கோணாதபடி பேசி, அரங்கத்தின் பின்பக்கத்திலிருந்து வாசித்துக்கொண்டு வரச் செய்ய முடியுமா பாருங்கள். ஊர்வலத்தில் வாசித்தவர்களுக்கு அது புதிது இல்லை, மரியாதைக் குறைவாகவும் படாது. மோகனத்துக்கு அடியில் செல்லோ சி இழுக்கிறது என்றேனே, அது நடப்பதும் இந்தத் தூரம் இருந்தால்தான். தவிலை நாற்பது நிமிடத்தில் இரண்டே இடத்தில் முழுசாக விடுங்கள். ஒரு கச்சேரியில் தவில் அண்ணனிடம் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, தொப்பி என்கிற அந்தக் குச்சிப் பக்கத்தை வெறும் கையால் மட்டும் தொடச் சொன்னேன். முதலில் என்னைப் பார்த்த பார்வை மறக்காது. தொட்டதும் அவரே தலையை ஆட்டிக்கொண்டார். தூரத்து இடி மாதிரி ஒரு சத்தம். செல்லோ அதன் மேல் தாராளமாகக் கேட்டது.

ஏழு பேருக்கு ஒரே மாதிரி காகிதம் கொடுத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். கொடுக்காதீர்கள். செல்லோவுக்கும் ஒரு வயலினுக்கும் ஸ்டாஃப் நோட்டேஷன், அதாவது ஐந்து கோட்டில் எழுதுகிற மேற்கத்தியக் குறிப்பு. கர்னாடக வயலினுக்கும் குழலுக்கும் தமிழில் ஸ்வரம், ஆதி தாளமாகப் பிரித்து. ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, அவர்களுக்கு எட்டு எண்ணிக்கை, உங்கள் கணக்கில் நாலு எண்ணிக்கை கொண்ட இரண்டு பார். ரிகர்சலில் "பதினேழாவது பார்" என்று கத்தினால் பாதிப் பேருக்குப் புரியாது, அதனால் இரண்டு காகிதத்திலும் அதே இடங்களில் அ, ஆ, இ என்று பெரிய எழுத்துப் போட்டுவிடுங்கள். வித்வானுக்கும் தவிலுக்கும் காகிதமே வேண்டாம். பாடிக் காட்டுங்கள். அவர் ஆலாபனை நீளுகிற இடத்தில் மற்றவர்களுக்கு நாலு பார் எழுதி, சுற்றிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். அவர் மேல் ஷட்ஜத்தில் வந்து நின்றதும் நீங்கள் கையைத் தூக்குங்கள், எல்லோரும் அடுத்த எழுத்துக்குப் போகட்டும். காலப்பிரமாணத்தை டிக் டிக் என்று எண்ணுகிற க்ளிக்கில் அவரைக் கட்டாதீர்கள்.

பதிவிலும் அப்படியே. தந்தி வாத்தியங்களை முதலில் எடுங்கள், நாதஸ்வரத்தைப் பிறகு தனியாக. ஒரே நேரத்தில் எடுத்தால் செல்லோவின் மைக்கில் நாதஸ்வரம்தான் பதிவாகும். சின்ன ஸ்டுடியோ அறையில் அதை ஊதவைத்தால் காதும் போகும் சத்தமும் போகும். பள்ளிக்கூட ஹாலோ கல்யாண மண்டபமோ இரவில் கிடைத்தால், மின்விசிறியை நிறுத்திவிட்டு, மைக்கைப் பத்தடி தள்ளி வையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஸ்ட்ரிங்ஸ் தனி, குழல் தனி, நாதஸ்வரம் தனி, தாளம் தனி, கீபோர்டு தனி என்று பிரித்துக் கொடுங்கள். மிக்ஸிங்கில் வசனத்துக்கு இடிக்கிற ஒன்றை மட்டும் இறக்கிக்கொள்வார்கள். இல்லாவிட்டால் மொத்தத்தையும் இறக்குவார்கள், உங்கள் ஆறு வார உழைப்பு ஏதோ பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி கேட்கும். வசனத்துக்கு அடியில் மெட்டு வேண்டாம், குழல் வேண்டவே வேண்டாம்.

மேடை இசையை வெட்டி வைக்க முடியாத இடம் படத்தில் மூன்றோ நாலோ இருக்கும். அங்கே மட்டும் ஃப்ரேம் கணக்குப் பாருங்கள். உதாரணமாக, மகள் கதவைத் திறப்பதிலிருந்து அம்மா கையைத் தூக்குவது வரை 23.5 நொடி என்று வையுங்கள். நிமிடத்துக்கு 72 என்ற காலப்பிரமாணத்தில் 28 எண்ணிக்கை, ஏழு பார், 23.33 நொடியில் முடிந்துவிடும். நொடிக்கு 24 ஃப்ரேம் கணக்கில் நாலு ஃப்ரேம் முந்துகிறது, கை தூக்குவதற்கு முன்னாலேயே இசை சொல்லிவிடுகிறது. காலத்தை 71.5 ஆக்குங்கள், சரியாக 23.5இல் போய் விழும். அந்த அரை எண்ணிக்கை வாசிக்கிறவர் யாருக்கும் தெரியாது. சரியாக விழுந்த பிறகு, அதை மூன்று ஃப்ரேம் பிந்தவைத்தும் ஒரு முறை பாருங்கள். எனக்கு எப்போதும் பிந்தினதுதான் பிடிக்கும்.

1,20,000இல் முதலில் ஆறு பேரின் சம்பளம், பஸ் செலவு, சாப்பாடு. அதற்குப் பிறகு ஹால், மைக், பதிவு செய்கிறவர். மிஞ்சினால் உங்களுக்கு. மிஞ்சாது. "நட்புக்காக வாசிச்சுக் குடுங்க" என்று வித்வானிடம் மட்டும் போய் நிற்காதீர்கள். முகூர்த்த நாளை விட்டுவிட்டு வருகிறவர் அவர். மேடைத் தேதியை வைக்கும்போதும் பஞ்சாங்கத்தைப் பார்த்து முகூர்த்தம் இல்லாத நாளாக வையுங்கள்.

ஒப்பந்தம். நான் வக்கீல் இல்லை, கையெழுத்துக்கு முன்னால் ஒருவரைப் பாருங்கள். எனக்குத் தெரிந்தது இது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தத்தின்படி, படத்தில் இடம்பெற்ற இசைக்கு, திரையரங்கில் படம் ஓடுவதைத் தவிர்த்த மற்ற பயன்பாடுகளில் வரும் ராயல்டியில் இசையமைப்பாளருக்குச் சம பங்கு உண்டு. அந்தப் பங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுத்ததாக எழுதினாலும் செல்லாது. அதனால் அந்தக் காகிதத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இசைக்கான பதிப்புரிமைச் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ்.ஸில் உறுப்பினராகுங்கள், படத்தில் எந்த இசை எங்கே எவ்வளவு நேரம் வருகிறது என்று பட்டியலிடுகிற க்யூ ஷீட்டை நீங்களே தயார் செய்து கொடுங்கள்.

வரிசையை மாற்றச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். பணம் கொடுத்துப் படத்துக்காக எழுதச் சொன்னால், முதல் உரிமையாளர் யார் என்பதில் தகராறுக்கு இடம் உண்டு. நீங்களாக மேடைக்கு எழுதிய இசை உங்களுடையது, படம் அதைப் பயன்படுத்த நீங்கள் அனுமதி கொடுக்கிறீர்கள். இதை நண்பரிடம் ஒளிக்காமல் முதலிலேயே சொல்லுங்கள். மேடையில் வாசிக்கும் உரிமை என்றைக்கும் என்னிடம் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கு அவர் முகம் சுளித்தால், அதுவும் இப்போதே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான்.

அடுத்த ரிகர்சலுக்கு எல்லோரையும் கூப்பிடாதீர்கள். ஒரு சாயங்காலம், கையில் ட்யூனரோடு, செல்லோப் பெண்ணை மட்டும் அழைத்துக்கொண்டு வித்வான் வீட்டுக்குப் போங்கள். அவர் சீவாளியை நனைத்து, ஊதிச் சரிபார்த்து, நாலு பிடி வாசிக்கும் வரை வாயைத் திறக்காதீர்கள். மோகனம் பிடித்ததும் அந்தப் பெண்ணை சி தந்தியை மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். அப்போது வித்வான் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.